நாடுகளின் கூட்டும் தொழிற்சங்கமும்

வயலுக்கு வயல் உழவர்கள் வரப்புக் கட்டுவது எதற்காக என்பதை நீங்கள் அறிவீர்கள். மேட்டு வயலில் நிற்க வேண்டிய நீர் பள்ளத்து வயலுக்கு ஓடிவிடலாகாது என்பதற்காகவே. கூலி விஷயத்தில் ஒரு நாட்டின் எல்லையும் அத்தகைய வரப்புத்தான். ஒரு நாட்டுத் தொழிலாளர் சங்கமாகத் திரண்டு நல்ல கூலியைப் பெற்றுவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கூலி நிலைத்து நிற்க மூன்று துணைகள் வேண்டும். முதலாவது, முதலாளி தம் ஆலையைக் கூலி குறைந்த இடத்திற்கு எளிதில் தூக்கிச் செல்ல முடியாதிருத்தல். இரண்டாவது, மலிவான கூலியில் பிற நாட்டார் செய்த பொருள் சுங்கவரி இல்லாமல் உள்ளே நுழையாதிருத்தல். மூன்றாவது, தொழிலாளரின் வாக்குக்கு மதிப்புள்ள சட்டமன்றமே தொழிற்சட்டங்களை இயற்றுதல். இம்மூன்றும் நாட்டின் எல்லைக்கோட்டையே நம்பி இருக்கின்றன. தொழிற்சங்கங்கள் எல்லாம் நாடு வாரியாக வளர்ந்ததற்குக் காரணமும் இதுவே. உலகத் தொழிலாளர் ஒற்றுமை என்பது மேடையில் முழங்கிய முழக்கமே. பேரம் நடந்தது அவரவர் நாட்டில்.

அப்படியாயின், அண்டை நாடுகள் சில சேர்ந்து எல்லைகளைத் தளர்த்தி, பொருளும் பணமும் மனிதரும் தடையின்றிச் செல்லும் ஒரே சந்தையாக ஆகிவிட்டால் சங்கங்களின் கதி யாது? இவ்வினாவுக்கு விடை காண ஐரோப்பாவைப் பார்ப்பதே பொருத்தம். எழுபது ஆண்டுகளுக்கு மேலாக இச்சோதனை அங்கே நடந்து வருகிறது.

1950ஆம் ஆண்டு மே மாதம் 9ஆம் நாள், பிரான்சின் வெளிநாட்டமைச்சர் ராபர்ட் சூமான் ஒரு திட்டத்தை வெளியிட்டார். பிரான்சும் ஜெர்மனியும் தம் நிலக்கரியையும் எஃகையும் ஒரே பொது அதிகாரத்தின் கீழ் வைக்க வேண்டும். விரும்பும் பிற நாடுகளும் சேரலாம் என்பது அத்திட்டம். போர்க்கருவிகளுக்கு மூலமான இவ்விரண்டு பண்டங்களும் பொதுவாகிவிட்டால் மீண்டும் போர் மூளாது என்பது அவர் கருத்து. பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் ஆகிய ஆறு நாடுகள் 1951இல் பாரிஸில் ஒப்பந்தம் செய்தன. 1952இல் ஐரோப்பிய நிலக்கரி எஃகுச் சமூகம் பிறந்தது.

தொழிற்சங்கங்கள் இதை எவ்வாறு வரவேற்றன? ஒரே குரலில் அல்ல. ஜெர்மன் தொழிற்சங்கத் தலைவர் ஹான்ஸ் பெக்லர் ஆதரித்தார். சங்கங்களுக்கு நெருங்கிய சமூக ஜனநாயகக் கட்சியின் தலைவர் குர்ட் சூமாகரோ எதிர்த்தார். பிரான்சில் பொதுவுடைமையாளர் செல்வாக்கில் இருந்த சி.ஜி.டி. சங்கம், இது முதலாளிகளின் கூட்டு என்று சாடியது. ஆதரித்தவர்கள் வெறுங்கையோடு திரும்பவில்லை. சமூகத்தை நடத்திய உயர் அதிகாரக் குழுவில் பெல்ஜியத் தொழிற்சங்கத் தலைவர் பால் ஃபினே உறுப்பினராக அமர்ந்தார். 1958இல் அதன் தலைவராகவும் ஆனார். ஆலோசனைக் குழுவில் உற்பத்தியாளர், தொழிலாளர், நுகர்வோரும் வணிகரும் என்று மூன்று பிரிவினருக்கும் சம இடம் இருந்தது. சந்தை திறந்ததால் மூடப்படும் சுரங்கங்களின் தொழிலாளருக்கு உதவித்தொகையும் மறுபயிற்சியும் தர ஒப்பந்தமே வழி செய்தது.

ஆனால், ஆலோசனைக் குழுவில் நாற்காலி இருப்பது வேறு. சுரங்கத்தின் அடியில் உயிர்க்காப்பு இருப்பது வேறு. இவ்வேறுபாட்டை 1956 ஆகஸ்டு 8ஆம் நாள் உலகம் கண்டது. பெல்ஜியத்தில் மார்சினெல் என்னும் ஊரில் புவா டு காசியே என்னும் சுரங்கம். தூக்குக் கூண்டில் சரியாக ஏறாமல் துருத்திக்கொண்டிருந்த ஒரு நிலக்கரி வண்டி, கூண்டு மேலெழுந்தபோது மின்கம்பிகளையும் எண்ணெய்க் குழாயையும் அறுத்தது. தீப்பற்றியது, புகை அடிவரை பரவியது. 262 பேர் மாண்டனர். அவர்களுள் 136 பேர் இத்தாலியர்.

இத்தாலியர் அங்கே எப்படி வந்தனர்? 1946இல் இத்தாலிக்கும் பெல்ஜியத்திற்கும் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. இத்தாலி ஐம்பதாயிரம் தொழிலாளரை அனுப்ப வேண்டும். பதிலுக்கு பெல்ஜியம் நிலக்கரி தரும். மனிதருக்கு விலையாகக் கரி! பெல்ஜியர்கள் இறங்க மறுத்த சுரங்கங்களில் இவர்கள் இறங்கினர். நிலக்கரிக்காகவே நிறுவப்பட்ட சமூகம் அப்போது நான்கு வயதை எட்டியிருந்தது. கரியின் விலையில் தலையிட அதற்கு அதிகாரம் இருந்தது. சுரங்கத்தின் பாதுகாப்பில் தலையிட அதிகாரம் இல்லை. விபத்துக்குப் பின்னர்தான் 1957இல் சுரங்கப் பாதுகாப்பு ஆணையம் ஒன்று அமைந்தது. அதிலும் ஆலோசனை கூறும் உரிமையே மிகுதி. பண்டம் முதலில் எல்லையைக் கடக்கும். அதன்பின் மனிதன் கடப்பான். அவனுக்குரிய காப்பு கடைசியாக, மிகவும் தயங்கித் தயங்கித்தான் கடக்கும். ஐரோப்பாவின் வரலாற்றில் இவ்வரிசை பலமுறை திரும்ப வருகிறது.

1957 மார்ச் 25ஆம் நாள் ரோமாபுரியில் கையெழுத்தான ஒப்பந்தம், கரி எஃகு மட்டுமன்றி எல்லாப் பண்டங்களுக்கும் பொதுச்சந்தையை விரித்தது. அதில் 119ஆம் விதி மிகவும் சுவையானது. ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் சம ஊதியம் என்பது அவ்விதி. பெண்களின் மீது கொண்ட பெருங்கருணையால் எழுதப்பட்டது என்று எண்ணிவிடாதீர்கள். பிரான்சில் சம ஊதியச் சட்டம் முன்பே இருந்தது. அண்டை நாட்டு ஆலைகள் பெண்களுக்குக் குறைந்த கூலி கொடுத்து மலிவாகத் துணி நெய்தால் தம் ஆலைகள் நொடித்துவிடுமே என்று பிரெஞ்சுக்காரர் அஞ்சினர். அவர்கள் வற்புறுத்தியதால் அவ்விதி புகுந்தது. வணிகப் போட்டிக்காக எழுதிய விதி, பின்னர் உரிமைக்கு ஆயுதமாயிற்று. 1964ஆம் ஆண்டு முடிவதற்குள் அதை முழுமையாக நிறைவேற்றுவதாக ஆறு அரசுகளும் உறுதி கூறின, கூறிவிட்டு உறங்கின.

எழுப்பியவர்கள் பெண்களே. பெல்ஜியத்தில் லியேஜ் நகரை அடுத்த எர்ஸ்தால் என்னும் ஊரில் ஒரு பெரிய துப்பாக்கித் தொழிற்சாலை உண்டு. அங்கே எண்ணெயும் இரும்புத்தூளும் தெறிக்கும் இயந்திரங்களில் சுமார் 3,000 பெண்கள் வேலை செய்துவந்தனர். 1966 பிப்ரவரி 16ஆம் நாள் அவர்கள் வேலையை நிறுத்தினர். சங்கத் தலைவர்கள் யாவரும் ஆண்கள், முதலில் தயங்கினர், பின்னர்த் தொடர்ந்தனர். பெண்கள் இயந்திரத்தை நிறுத்தியதால் ஆண்களுக்கும் வேலை இல்லாமற் போயிற்று. எனினும் போராட்டம் பன்னிரண்டு வாரம் நீடித்தது. அவர்கள் தூக்கிப் பிடித்தது பெல்ஜியச் சட்டத்தை அன்று. ரோம் ஒப்பந்தத்தின் 119ஆம் விதியை. மணிக்கு 5 பிராங்கு உயர்வு கேட்டனர், 2.75 பிராங்கு கிடைத்தது. பாதியளவே ஆயினும், அரசுகள் கையெழுத்திட்டு மறந்த ஒரு வரியைத் தொழிலாளிகள் நினைவில் வைத்திருந்து மீட்டது சிறிய செயலா?

அதே விதியை வைத்து வானூர்திப் பணிப்பெண் கேப்ரியேல் டெஃப்ரென் வழக்காடினார். பெல்ஜியத்தின் சபேனா நிறுவனம் பணிப்பெண்களை 40 வயதில் வீட்டுக்கு அனுப்பியது; அதே பணி செய்த ஆண்களை அனுப்பவில்லை; ஊதியத்திலும் வேற்றுமை இருந்தது. 1976இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 119ஆம் விதியை எந்த நாட்டு நீதிமன்றத்திலும் எந்தத் தொழிலாளியும் நேரே எடுத்துக்காட்டி ஊதியம் கேட்கலாம் என்பது அதன் சாரம். ஆகவே நாடுகளின் கூட்டு சங்கங்களுக்குத் தீமையே செய்தது என்று கூறுவோர் இவ்வழக்கைப் படிக்க வேண்டும்.

சங்கங்களும் எல்லை கடந்து திரள முயன்றன. 1973இல் பிரஸ்ஸல்ஸ் நகரில் ஐரோப்பியத் தொழிற்சங்கக் கூட்டமைப்பு தோன்றியது. முன்பு சூமான் திட்டத்தைச் சாடிய பிரெஞ்சு சி.ஜி.டி. இக்கூட்டமைப்பில் சேர்ந்தது 1999இல்தான். பிரிட்டிஷ் சங்கங்களின் மனமாற்றமும் இதற்குக் குறைந்ததன்று. 1975இல் நடந்த பொதுவாக்கெடுப்பில் அவற்றின் பேரவை ஐரோப்பியச் சந்தையை விட்டு விலகவே வாக்களிக்கச் சொன்னது. 1988 செப்டம்பரில் போர்ன்மத் மாநாட்டுக்கு ஐரோப்பிய ஆணையத்தின் தலைவர் ஜாக் டெலோர் வந்து, ஒரே சந்தையோடு தொழிலாளர் உரிமைகளும் சேர்ந்தே வரும் என்று பேசினார். தம் நாட்டில் தாட்சர் அம்மையாரின் சட்டங்களால் நைந்திருந்த பிரதிநிதிகள் எழுந்து நின்று கைதட்டினர். உள்ளூரில் கதவு அடைபட்டவன் அயலூர்க் கதவைத் தட்டுவது இயல்புதானே.

சந்தை வந்தது, உரிமைகள் மெதுவாக நடந்து வந்தன. இடைவெளியில் நிகழ்ந்ததைப் பாருங்கள். 1993 ஜனவரியில், வீடு துப்புரவு செய்யும் இயந்திரங்கள் செய்யும் ஹூவர் நிறுவனம், பிரான்சில் டிஜோன் நகருக்கு அருகே இருந்த ஆலையை மூடி, வேலையை ஸ்காட்லாந்தில் உள்ள கேம்பஸ்லாங் ஆலைக்கு மாற்றுவதாக அறிவித்தது. பிரான்சில் சுமார் 600 பேர் வேலை இழந்தனர். ஸ்காட்லாந்துத் தொழிலாளர் தம் ஆலையைக் காக்க வேண்டி, வேலைநிறுத்தத்திற்குக் கட்டுப்பாடு, புதியவர்களுக்குக் குறிப்பிட்ட கால ஒப்பந்தம் முதலிய நிபந்தனைகளை ஏற்றிருந்தனர். அவர்களைக் குறை கூற எனக்கு நா எழவில்லை. வேலையில்லாத் திண்டாட்டம் மிகுந்த ஊரில் இருப்பவன் வேறு என்ன செய்வான்? ஆயினும் ஒரு சங்கத்தின் விட்டுக்கொடுப்பு மற்றொரு சங்கத்தின் வயிற்றில் அடித்தது. வரப்பை வெட்டினால் நீர் எப்பக்கம் ஓடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டா.

இந்நிகழ்ச்சி எழுப்பிய கூக்குரலும் சேர்ந்து, 1994இல் ஒரு சட்டம் வந்தது. உறுப்பு நாடுகளில் மொத்தம் 1,000 பேருக்கும், குறைந்தது இரண்டு நாடுகளில் 150 பேர் வீதமும் வேலை தரும் நிறுவனங்களில், எல்லா நாட்டுத் தொழிலாளரின் பிரதிநிதிகளும் கூடும் ஐரோப்பியப் பணிமன்றம் அமைய வேண்டும். பெரிய முடிவுகளுக்கு முன் அதனைக் கலந்துகொள்ள வேண்டும் என்றது அச்சட்டம். மூன்றாண்டுக்குள் அதற்குச் சோதனை வந்தது. 1997 பிப்ரவரி 27ஆம் நாள், பெல்ஜியத்தில் வில்வோர்ட் ஊரில் இருந்த ரெனோ கார் ஆலை மூடப்படும் என்று நிர்வாகம் திடீரென்று அறிவித்தது. 3,100 பேரின் வேலை அது. பெல்ஜியப் பிரதமர் டெஹான குடியிருந்த ஊரும் அதுவே. அவருக்கே அச்செய்தி இடியாக இருந்தது. பெல்ஜியம், பிரான்ஸ், ஸ்பெயின் ஆகிய மூன்று நாட்டு ரெனோ தொழிலாளரும் ஒரே நாளில் வேலையை நிறுத்தினர். ஐரோப்பிய வேலைநிறுத்தம் என்று நாளேடுகள் அதற்குப் பெயரிட்டன. முன்கூட்டியே கலந்துகொள்ளாதது தவறு என்று பெல்ஜியத்திலும் பிரான்சிலும் நீதிமன்றங்கள் தீர்ப்புக் கூறின. தீர்ப்பு வந்தது; கார் ஆலை மூடப்பட்டது. கலந்துகொள்ளும் உரிமைக்கும் தடுக்கும் உரிமைக்கும் உள்ள தொலைவு அவ்வளவு.

2004 மே மாதம் 1ஆம் நாள் பத்து நாடுகள் ஒன்றியத்தில் சேர்ந்தன. அவற்றுள் எட்டு, கிழக்கு, மத்திய ஐரோப்பாவைச் சேர்ந்தவை. கூலி மிகக் குறைந்தவை. அந்நாட்டுத் தொழிலாளருக்கு உடனே கதவு திறந்தவை பிரிட்டன், அயர்லாந்து, சுவீடன் ஆகிய மூன்றுமே. ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் ஏழாண்டுக் காலம் அடைத்தே வைத்தன. அந்நாட்டுச் சங்கங்களும் அதனை ஆதரித்தன. கிழக்கு நாட்டுச் சங்கங்களுக்கு இது எவ்வளவு கசந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

அவ்வாண்டிலேயே சுவீடனில் வாக்ஸ்ஹோம் என்னும் சிறு பட்டணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தைப் புதுப்பிக்கும் வேலை, லாவால் என்னும் லாட்விய நிறுவனத்தோடு சேர்ந்த நிறுவனத்துக்குக் கிடைத்தது. லாட்வியாவிலிருந்து ஆட்கள் வந்தனர். இங்கே சுவீடனின் முறையைச் சற்று விளக்க வேண்டும். அங்கே குறைந்தபட்சக் கூலிச் சட்டம் கிடையாது. சங்கமும் முதலாளிகளும் கூடிப் பேசி வகுக்கும் கூட்டு உடன்படிக்கையே சட்டத்தின் இடத்தில் நிற்கிறது. உடன்படிக்கைக்கு வராத முதலாளியைச் சங்கம் முற்றுகையிடலாம். பிற சங்கங்களும் துணை நிற்கலாம். கட்டடத் தொழிலாளர் சங்கம் மணிக்கு 145 குரோனர் கேட்டது. லாவால் நிறுவனம் லாட்வியச் சங்கத்தோடு தனக்கு உடன்படிக்கை இருப்பதாகச் சொல்லி மறுத்தது. நவம்பரில் முற்றுகை தொடங்கியது. மின்தொழிலாளரும் சேர்ந்தனர். வேலை நின்றது; சுவீடனில் லாவாலுக்கு இருந்த துணை நிறுவனம் நொடித்தது. லாவால் வழக்குத் தொடுத்தது.

அதே வேளையில் ஹெல்சிங்கிக்கும் தாலினுக்கும் இடையே ஓடிய ரோசெல்லா என்னும் பயணக்கப்பலைப் பின்லாந்துக் கொடியிலிருந்து எஸ்தோனியக் கொடிக்கு மாற்றி, மலிவான கூலிக்கு ஆள் வைக்க வைக்கிங் நிறுவனம் எண்ணியது. பின்லாந்துக் கடலோடிகள் சங்கம் வேலைநிறுத்தம் செய்வதாக எச்சரித்தது. லண்டனில் உள்ள உலகப் போக்குவரத்துத் தொழிலாளர் கூட்டமைப்பு, வேறு நாட்டுச் சங்கங்கள் எவையும் வைக்கிங்கோடு பேரம் பேச வேண்டா என்று சுற்றறிக்கை விடுத்திருந்தது. இதுவும் நீதிமன்றம் ஏறியது.

2007 டிசம்பரில் ஒரு வார இடைவெளியில் இரு தீர்ப்புகளும் வந்தன. வேலைநிறுத்த உரிமை அடிப்படை உரிமையே என்று ஐரோப்பிய நீதிமன்றம் முதலில் ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டபின், அவ்வுரிமை நிறுவனங்களின் எல்லை கடந்து தொழில் செய்யும் சுதந்திரத்தைத் தடுக்குமானால், தக்க காரணமும் தக்க அளவும் உடையதா என்று ஆராயப்பட வேண்டும் என்றது. லாவால் வழக்கில் முற்றுகை சட்டத்திற்கு மாறானது என்று முடிவாயிற்று. 2009இல் சுவீடனின் தொழில் நீதிமன்றம் சங்கங்களை இழப்பீடு கட்டச் சொன்னது. பாருங்கள், தம் நாட்டுச் சட்டம் அனுமதித்த ஒரு செயலைச் செய்த சங்கம், அச்செயலுக்காகவே தண்டம் செலுத்தியது!

இத்தீர்ப்பில் தராசு ஒருபுறம் சாய்ந்தது என்பது என் கருத்து. அளவு பார்ப்பது நீதிக்கு அழகுதான். ஆனால் வணிகச் சுதந்திரத்தை விதியாகவும், வேலைநிறுத்தத்தை அதற்கு விதிவிலக்காகவும் வைத்துவிட்டால், ஒவ்வொரு முறையும் காரணம் காட்ட வேண்டியவன் தொழிலாளியே ஆகிறான். முதலாளியை ஒருவரும், உம் சுதந்திரம் தக்க அளவுடையதா என்று கேட்பதில்லை. எனினும் லாட்வியத் தொழிலாளியின் பக்கமிருந்தும் நோக்க வேண்டும். அவனுக்கு முற்றுகை எப்படித் தோன்றியிருக்கும்? செல்வ நாட்டார் தன்னை நுழையவிடாமல் கதவில் நிற்பதாகவே தோன்றியிருக்கும். அவன் நாட்டில் அவனும் ஒரு சங்கத்தின் கீழ் வேலை செய்பவன்தான். இரண்டு சங்கங்களும் தத்தம் நாட்டில் நியாயமானவை. ஒரே சந்தையில் எதிரெதிரே நின்றன.

யூரோ நாணயத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். தனி நாணயம் உள்ள நாடு, போட்டியில் பின்தங்கினால் நாணயத்தின் மதிப்பைக் குறைத்துச் சமாளிக்கும். நாணயம் பொதுவாகிவிட்டால் அவ்வழி அடைபடும். மிஞ்சுவது கூலியைக் குறைப்பது ஒன்றே. இதை முன்னரே உணர்ந்த ஜெர்மன், பெல்ஜிய, டச்சு, லக்சம்பர்க் சங்கங்கள் 1998இல் டோர்ன் என்னும் ஊரில் கூடின. விலைவாசி உயர்வும் உற்பத்தித்திறன் உயர்வும் சேர்ந்த அளவுக்குக் குறையாமல் கூலி உயர்வு கேட்பது என்றும், ஒருவரை ஒருவர் கீழறுக்கலாகாது என்றும் உறுதி செய்தன. நல்ல உறுதி; ஆனால் மீறியவரைக் கட்டுப்படுத்த வழி ஏதும் இல்லை. கிரேக்க நாடு கடனில் மூழ்கியபோது நேர்ந்ததைக் கேளுங்கள். அங்கே குறைந்தபட்ச ஊதியத்தைச் சங்கங்களும் முதலாளிகளும் பேசித் தேசியக் கூட்டு உடன்படிக்கையாக வகுத்துவந்தனர். 2012 பிப்ரவரியில், கடன் கொடுத்தோரின் நிபந்தனைக்கு ஏற்ப, அது ஒரே சட்டத்தால் மாதம் 751 யூரோவிலிருந்து 586 யூரோவாக வெட்டப்பட்டது. 25 வயதுக்குக் குறைந்த இளைஞருக்கு இன்னும் அதிகமான வெட்டு. உடன்படிக்கை செய்த இருதரப்பாரையும் கேட்டுச் செய்ததன்று அது.

அண்மையில் காற்று சிறிது திரும்பியிருக்கிறது. வெளிநாட்டிலிருந்து அனுப்பப்படும் தொழிலாளருக்கு ஒரே இடத்தில் ஒரே வேலைக்கு ஒரே ஊதியம் என்பதை 2018இல் திருத்திய சட்டம் ஏற்றது. 2022இல் குறைந்தபட்ச ஊதியம் பற்றிய சட்டம் ஒன்று பிறந்தது. தொழிலாளருள் நூற்றுக்கு 80 பேருக்காவது கூட்டு உடன்படிக்கை பொருந்தாத நாடுகள், பேரத்தை வளர்க்கச் செயல்திட்டம் வகுக்க வேண்டும் என்று அது கூறுகிறது. ஐரோப்பியத் தொழிற்சங்கக் கூட்டமைப்பு இதை வெற்றி என்று கொண்டாடியது.

வியப்பு யாதெனில், இச்சட்டத்தை எதிர்த்து வாக்களித்தவை, சங்கங்கள் மிக வலுவாக உள்ள டென்மார்க்கும் சுவீடனுமே. அந்நாட்டுச் சங்கங்களும் தம் அரசுகளின் பக்கமே நின்றன. ஊதியத்தை நிர்ணயிப்பது எங்கள் பேர மேசை. இன்று நன்மை செய்ய நுழையும் கை, நாளை வேறு எதற்கும் நுழையுமே என்பது அவர்கள் அச்சம். வாக்ஸ்ஹோம் முற்றுகையின் நினைவு அவர்களுக்கு இருந்தது. டென்மார்க் வழக்குத் தொடுத்தது. 2025 நவம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் சட்டத்தின் பெரும்பகுதியை நிலைநிறுத்தி, ஊதியத்தில் நேரடியாகத் தலையிடுவதாகக் கண்ட இரு பகுதிகளை மட்டும் நீக்கிற்று.